வந்திறங்கியல்

இவ்வியல் என்ன பெயர்த்தோ எனின், வந்திறங்கியல் என்னும் பெயர்த்து. என் நுதலிற்றோ எனின், கடல் கடந்து படிக்கப் போனவர் அயல்நகரில் பெட்டியோடு இறங்கும் முதல் நாளை, அதிலும் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்துவிடும் ஊழை நுதலிற்று. நிலம், ஜெர்மனியின் மேற்கெல்லையில் உள்ள ஆஹன். பொழுது, செப்டம்பர் கடைசி.

உலகில் எத்தனையோ ஊர் இருக்க ஆஹன் எதற்கு எனின், 1870-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. எந்திரப் பொறியியல் படித்த பிள்ளைகளுக்கு அது திருத்தலம். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டவருள் இந்தியரே இப்போது முதலிடம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஏறத்தாழ 49,000 பேர். இன்னொரு காரணமும் உண்டு. அதை வெங்காயம் பற்றிய நூற்பாவில் கண்டுகொள்க.

முன்னோர் நூல்களைப் பார்ப்போம். படிப்பதற்காகப் பிரிவதை ஓதற்பிரிவு என்று தொல்காப்பியர் தனியே எடுத்துச் சொன்னார். அது மூன்று ஆண்டைத் தாண்டலாகாது என்றும் வரம்பு கட்டினார். ஆஹனில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் நான்கு பருவம், அதாவது இரண்டு ஆண்டு. முடித்தபின் வேலை தேட ஜெர்மன் அரசு தரும் காலம் 18 மாதம். கூட்டினால் மூன்றரை. அந்த மிகை அரையாண்டுக்குத் தொல்காப்பியரிடம் விதி இல்லை. கூட்டுத்தொகையைத் தொல்காப்பியத்துக்குள் அடக்கப் பெர்லினில் யாரும் முயன்றதாகவும் தெரியவில்லை. கடற்பயணத்தில் பெண்ணை உடனழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்றும் அவர் சொன்னார். இன்று பெண்ணே பெட்டியை இழுத்துக்கொண்டு கடல் கடக்கிறாள். அழைத்துப் போக ஆள் தேடவில்லை. ஆகவே இவ்வியலில் வந்திறங்குவோன் சாத்தன் என்று வருமிடமெல்லாம் சாத்தி என்றும் கொள்க.

இவ்வளவு சொன்ன முன்னோர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டனர். தலைவன் பிரிந்தான் என்பார்கள். தலைவி மெலிந்தாள், வளை கழன்றது, பசலை படர்ந்தது என்பார்கள். போன ஊரில் அவன் முதல் நாள் மாலை எங்கே சாப்பிட்டான், அறைச் சாவியை யாரிடம் வாங்கினான் என்று எந்தப் புலவரும் பாடவில்லை. அகத்திணை பெரும்பாலும் புறப்படுகிறவர்களின் இலக்கியம். போய்ச் சேர்ந்தவனின் முதல் நாளுக்கு அதில் ஓர் அடி கிடையாது. அந்தக் குறையை நிரப்பவே யாம் எழுந்தோம்.

*சனியிரா ஏறி ஞாயிறு இறங்கல்*
*ஓதற் பிரிவின் ஒருதலை என்ப.*

இந்நூற்பா, கிழமை இதுவெனக் கூறிற்று. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நள்ளிரவு தாண்டி ஏறினால், பத்து மணி நேரம் பறந்து, கோடைக்காலக் கணக்குப்படி மூன்றரை மணி நேரத்தைத் திரும்பப் பெற்று, காலையில் இறங்கலாம். ஏன் சனி இரவு? வழியனுப்பச் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் மறுநாள் விடுமுறை வேண்டும் என்பது ஒரு சாரார் கூற்று. அது மெய்யே, விமான நிலைய வாசலில் ஒரு மாணவனுக்குப் பன்னிரண்டு உறவினர் என்ற விகிதம் வார நாளில் கைகூடாது. ஆனால் ஆழமான காரணம் சூலம்.

ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம். ஜெர்மனியோ மேற்கே கிடக்கிறது. ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு மேற்கு நோக்கிப் பறப்பது சூலத்தின்மேல் பாய்வதாகாதா என்று கேட்பர். ஆகாது. ஆங்கில நாள் நள்ளிரவில் பிறக்கும். நம் நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கும். அதிகாலை இரண்டு மணி, பாட்டியின் கணக்கில், இன்னும் சனிக்கிழமையே. சனிக்குக் கிழக்கே சூலம். ஜப்பானுக்குப் படிக்கப் போகிறவன் வேண்டுமானால் கவலைப்படட்டும். பயணச்சீட்டில் ஞாயிறும் பஞ்சாங்கத்தில் சனியுமாக ஒரே நேரத்தில் இரண்டு கிழமையில் புறப்படும் இந்த வசதி, நள்ளிரவு விமானம் தமிழர்க்குச் செய்த பேருதவி.

அப்படியும் மனம் ஒப்பாதவர்க்குப் பரிகாரம் உண்டு. மேற்கே சூலத்துக்கு வெல்லம், கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால், தெற்குக்கு எண்ணெய். இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோர் பெட்டியில் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரக் கூடாது என்பது அவ்விதி. ஆக, நான்கு திசைப் பரிகாரங்களில் இரண்டு ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாது. மேற்கு நோக்கி வருவோர்க்குரிய வெல்லத்தை மட்டும் தடையின்றி விட்டிருப்பதைப் பார்த்தால், சட்டம் வரைந்தவர்களுக்குச் சூலம் தெரிந்திருக்குமோ என்று ஐயுறுவாரும் உளர். யாம் அவ்வளவு தூரம் போகவில்லை.

*இருபான் மூன்றே எடையெனப் படுமே*
*அதனின் மிகுதல் அன்னையர்க்கு இயல்பே.*

ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது விமான வழக்கு; ஐம்பது பவுண்டைக் கிலோவாக்கியதில் பிறந்த எண். கூடுதல் காசு கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அது தூக்குகிறவர் முதுகுக்கான வரம்பு. இவை இரண்டும் அன்னையர்க்குப் பொருந்தா. ஏனெனில் அவர்கள் பெட்டியை எடையால் அளப்பதில்லை, இடத்தால் அளக்கிறார்கள். குக்கருக்குள் வெற்றிடம் இருப்பதைக் கண்டால் அதில் பருப்புப்பொடி இறங்கும். ஷூவுக்குள் வெற்றிடம் இருந்தால் ரசப்பொடி. கொக்கித் தராசு 24.6 காட்டும்போது எடுக்கப்படுவது எப்போதும் புத்தகமே. புளிக்காய்ச்சலை வெளியே எடுத்ததாக வரலாறு இல்லை.

பால்பொருள் போகாது என்று மேலே கண்டோம்; நெய்யும் அதில் அடங்கும். கறிவேப்பிலையும் போகாது; செடி, இலை, பழம் எதுவாயினும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறது ஐரோப்பா. இதற்கு விலக்குப் பெற்றவை ஐந்தே: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை. கவனிக்க: தட்டில் வைத்துத் தாம்பூலம் கொடுக்கத்தக்க இரண்டு பொருள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன, வெற்றிலை இல்லை. அதே தேங்காய் காய்ந்து கொப்பரையாகிவிட்டால் கதை வேறு. எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு என்று விமானத்துறை அதைப் பட்டியலிட்டிருக்கிறது. ஈரத்தேங்காய்க்கு ஒரு நீதி, கொப்பரைக்கு ஒரு நீதி. இதைப் புரிந்துகொண்டவன் பிறகு எந்த அயல்நாட்டுச் சட்டத்தையும் புரிந்துகொள்வான்.

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்தே ரயில் ஏறலாம். 2002-இல் திறந்த அதிவேகப் பாதையில் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒரு மணி நேரத்தில் கொலோன். பெரும்பாலும் அங்கே வண்டி மாற வேண்டும். கொலோன் நிலையத்து வாசலிலேயே 157 மீட்டர் உயரத்தில் இரட்டைக் கோபுரத்தோடு பேராலயம் நிற்கிறது. வந்திறங்குவோன் அதைப் பார்ப்பதில்லை. இரண்டு பெட்டியையும் முதுகுப்பையையும் எண்ணிக்கொண்டிருப்பவன் கண்ணுக்கு உலகில் மூன்று பொருள்தான் உண்டு. ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை ஜெர்மன் ரயில்வே தாமதமாகவே கணக்கில் வைப்பதில்லை என்பதும், அடுத்த வண்டியைத் தவறவிட ஐந்து நிமிடம் தாராளமாகப் போதும் என்பதும் இங்கே ஒருசேர விளங்கும். நிற்க, ரயில் வந்ததும் கதவு தானாகத் திறக்கும் என்று நின்றவன் நின்றபடியே இருப்பான். பொத்தானை அழுத்த வேண்டும்.

*கடையெனப் படுவ எல்லாம் அடைப்ப*
*அடையாக் கடையே நிலையக் கடையே.*

இந்நூற்பாதான் இவ்வியலுக்கு உயிர். நம் ஊரில் ஞாயிறு என்பது கடைகளின் திருநாள். கறிக்கடை வரிசையும் தி. நகர் நெரிசலும் கண்டு வளர்ந்தவனுக்கு, ஓர் ஊர் முழுவதும் ஞாயிறன்று மூடிக் கிடக்கும் என்பது கற்பனைக்கும் அப்பாற்பட்டது. ஜெர்மனியிலோ அது வழக்கம் மட்டுமன்று, அரசியலமைப்பு. 1919-இல் எழுதிய வைமார் அரசியலமைப்பின் 139-ஆம் பிரிவு, ஞாயிறு வேலை ஓய்வுக்கும் உள்ளம் உயர்வதற்கும் உரிய நாள் என்று காப்புத் தந்தது. அந்தக் குடியரசு மறைந்தது, பிறகு வந்த கொடுங்கோலும் மறைந்தது, நாடு இரண்டானது. 1949-இல் மேற்கு ஜெர்மனி தன் அடிப்படைச் சட்டத்தை எழுதியபோது 140-ஆம் பிரிவின் வழியாக அந்தப் பழைய ஞாயிறு அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ மாறிய ஒரு நூற்றாண்டில் மாறாமல் நின்றது, ஞாயிறன்று வெங்காயம் கிடைக்காது என்பது.

விலக்கு உண்டோ எனின், உண்டு. ரயில் நிலையக் கடை, பெட்ரோல் நிலையம், முறைவைத்துத் திறக்கும் மருந்துக்கடை, காலையில் சில மணி நேரம் பேக்கரி. உணவகங்களுக்குத் தடையில்லை, ஆஹனில் பொன்ட் தெருவில் மாணவர் கூட்டம் ஞாயிறும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வந்திறங்குவோன் உணவகத்துக்குப் போகமாட்டான். விலைப்பலகையில் ஒன்பது யூரோ என்று கண்டதும் அதை நூறால் பெருக்கும் நோய் அவனுக்கு முதல் மூன்று மாதம் நீங்காது.

இவ்விடத்து ஒரு முரண் உண்டு. விசா வாங்குவதற்காக அவன் முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவைக் கட்டியிருக்கிறான்; 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. மாதம் 992 வீதம் அவனுக்கே திரும்பி வரும். ஆனால் வருவதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு முகவரி கேட்பார்கள். முகவரியை, குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். நகர அலுவலகம் ஞாயிறன்று மூடியிருக்கும். இப்படியாகப் பத்து லட்ச ரூபாய்க்கு மேல் பணமுள்ள ஒருவன் ஒரு மாலைப்பொழுது உப்பின்றி இருப்பது ஓதற்பிரிவின் மெய்ப்பாடுகளுள் ஒன்று.

ஞாயிற்றின் அமைதியையும் இங்கே சொல்ல வேண்டும். துளைக்கருவியை ஓட்டக் கூடாது, கண்ணாடிப் புட்டிகளைத் தெருத்தொட்டியில் போட்டுச் சத்தமெழுப்பக் கூடாது. இந்த அமைதிக்குள்ளேதான் சாத்தன் தன் சக்கரப் பெட்டியோடு வருகிறான். சக்கரப் பெட்டிக்கு அமெரிக்காவில் ஒருவர் 1972-இல் காப்புரிமை பெற்றார்; கைப்பிடியை நீட்டி நிமிர்த்தி இழுக்கும் வகையை 1987-இல் ஒரு விமானி உண்டாக்கினார். இருவரும் விமான நிலையத்தின் பளிங்குத் தரையை நினைத்தார்களே தவிர, ஆஹன் பழைய நகரின் கல் பாவிய தெருவை நினைக்கவில்லை. சார்லமேன் பேரரசர் 814-இல் அடக்கமான பேராலயம் ஒருபுறம், எலிசா ஊற்றிலிருந்து அழுகிய முட்டைபோல் எழும் வெந்நீர்க் கந்தக வாடை மறுபுறம், நடுவே 46 கிலோவை இழுத்துக்கொண்டு கடகடவென்று ஒருவன். சன்னல் திரைகள் விலகும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சொல்லியிருந்தாலாவது வழி கேட்டிருக்கலாம்.

தெருவில் ஒரு வண்டி இல்லை, எனினும் சிவப்பு மனிதன் எரிகிறான். எதிர்ப்புறம் ஒரு கிழவரும் நாயும் நிற்கிறார்கள். கடந்தால் தண்டம் ஐந்து யூரோதான். ஆனால் அந்தக் கிழவர் பார்வைக்கு விலை குறிக்கப்படவில்லை. சாத்தனும் நிற்கிறான். அண்ணா சாலையைப் பேருந்துகளுக்கு நடுவே கடந்தவன் வெறுந்தெருவுக்கு அஞ்சி நிற்பதை அச்சம் என்று கொள்வதா, மருட்கை என்று கொள்வதா என்பதில் மெய்ப்பாட்டியலார் கருத்து வேறுபடலாம். நாய் மட்டும் தெளிவாக இருந்தது.

*கதவெண் இல்லை கதவிற் பெயரே*
*மகனை வேண்டின் தந்தையை அழுத்துக.*

விடுதிச் சாவி ஹவுஸ்மைஸ்டர் எனப்படும் கட்டடப் பராமரிப்பாளரிடம் இருக்கும். அவர் திங்கட்கிழமை காலையில்தான் வருவார். எனவே முதல் இரவு ஒரு சீனியர் அறையில் தரையில் கழியும். அந்தச் சீனியரைக் கண்டுபிடிப்பதே இந்நூற்பா.

ஜெர்மன் அடுக்குமாடியில் வீட்டுக்கு எண் கிடையாது. கட்டடத்துக்கு எண் உண்டு. அதன் வாசலில் அழைப்பு மணிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குடும்பப்பெயர். கடிதமும் அந்தப் பெயரைப் பார்த்தே வரும். 2018-இல் வியன்னா நகராட்சி, தனியுரிமை பற்றி ஒரு குடியிருப்பாளர் முறையிட்டதன்பேரில், தன் 220,000 வீடுகளின் மணிகளில் பெயரை எடுத்துவிட்டு எண் வைக்க முடிவெடுத்தது. செய்தி கேட்டு ஜெர்மனி நடுங்கிப்போயிற்று. மணியில் பெயர் இருப்பது சட்டமீறல் ஆகாது என்று தரவுக் காப்பு அதிகாரிகளே சொன்ன பிறகுதான் நாடு மூச்சுவிட்டது.

தமிழர்க்கு வரும் இடர் வேறு. நம்மிடம் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயர்தான் கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்கிறது. சீனியர் கொற்றன் மகன் என்றால், மணியில் இருப்பது கொற்றன். வாட்ஸ்அப்பில் அவரைப் பெயர் சொல்லி அண்ணா என்று பேசிப் பழகிய சாத்தன், வாசலில் நாற்பது மணிகளுக்கு முன்னே நின்று அந்தப் பெயரைத் தேடுகிறான். இல்லை. திருநெல்வேலியில் ஓய்வுபெற்று, ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் கொற்றன்தான் ஆஹன் தெருவில் மணியாகத் தொங்குகிறார். ஆளை வரவழைக்க அவரைத்தான் அழுத்த வேண்டும்.

இதற்கு மூன்று புறனடை. ஒன்று, தந்தை பெயர் நீண்டிருந்தால் அட்டை பொறுக்காது. பாலசுப்பிரமணியன்கள் பாலசுப்ரமோடு நின்றுவிடுவார்கள், மீதி சட்டகத்துக்குப் பின்னால். இரண்டு, கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், மகன் தன் பெயரிலேயே தனக்கு மூதாதையாகிறான். மூன்று, அந்த அறையில் முன்பு குடியிருந்தவர் பெயரை யாரும் மாற்றவே இல்லையென்றால், ம்யுல்லர் என்ற மணியிலிருந்து “வா தம்பி, மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல” என்று குரல் வரும். அக்குரல் கேட்டதும் சாத்தன் இரண்டு பெட்டிகளையும் பார்ப்பான்.

மேலே போனபின் நிகழ்வன சுருங்கச் சொல்லப்படும். குக்கர் வெளியே வரும். அடுப்பு மின்தூண்டல் வகையாயிருந்து குக்கரின் அடி அலுமினியமாயிருந்தால் உள்ளே போகும். செல்பேசி இறந்திருக்கும், நம் மூன்றுமுனைச் செருகி ஜெர்மன் துளையில் நுழையாது, நுழைவிக்கும் கருவி எந்தப் பெட்டியில், எந்தப் பொடிக்கு அடியில் என்பதை வீட்டுக்குப் போன் செய்து கேட்க வேண்டும், போன் செய்ய மின்சாரம் வேண்டும். பொன்னி அரிசி இருக்கும். சீனியரிடமோ சனியன்று வாங்க மறந்ததால் வெங்காயம் இராது.

*வெங்காயம் வேண்டின் எல்லை கடக்க.*

ஆஹனை யாம் தேர்ந்தது இதற்கே. நகர மையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் ஜெர்மனி முடிந்து நெதர்லாந்து தொடங்குகிறது. அங்கே வால்ஸ் என்றொரு சிற்றூர். வைமார் ஞாயிறு அந்த எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. ஞாயிறன்று கடை திறப்பதா என்பதை அங்கே அந்தந்த ஊராட்சியே முடிவு செய்துகொள்ளலாம். வால்ஸில் பல்பொருள் அங்காடி திறந்திருக்கிறது. ஆஹன்வாசிகளுக்கு இது பழைய செய்தி. சனிக்கிழமை மறந்தவர்கள் ஞாயிறு பேருந்தேறி வால்ஸ் போய் வருகிறார்கள். ஜெர்மன் அரசியலமைப்பின் உள்ளம் உயர்த்தும் நோக்கமும் இதனால் கெடவில்லை. ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நிலப்பரப்பில் மிக உயர்ந்த இடம், 322 மீட்டர் உயரமுள்ள குன்று, அவ்வூர்க்கருகேதான் இருக்கிறது.

ஜெர்மன் விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவன், கிடைத்து வந்திறங்கிய அன்று மாலையே வேறொரு நாட்டுக்குப் போகலாமா? போகலாம், அந்த விசா ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் சுற்றவிடும். ஆனாலும் சாத்தன் கடவுச்சீட்டு, சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுத் தாள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஆகிய அனைத்தும் அடங்கிய கோப்பை மார்போடு அணைத்தபடி பேருந்தில் உட்கார்ந்திருப்பான். எல்லையில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு நீலப் பலகை வரும், போகும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டு, இங்கே யாரிடம் பதிய வேண்டும் என்று சீனியரைக் கேட்பான். சீனியர் தள்ளுவண்டிக்குக் காசு போடச் சொல்வார்.

வாங்குவன: வெங்காயம், தக்காளி, பால், உப்பு. இவற்றோடு ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்று. ஆஹனில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதை அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. புட்டிக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், காலிப்புட்டியைத் திருப்பினால் தருவார்கள். ஜெர்மனியிலும் இதே ஏற்பாடு, அதே 25 சென்ட். ஆகவே திங்கட்கிழமை அதை ஆஹன் கடையின் எந்திரத்தில் போட்டால் என்ன நிகழும் எனின், எந்திரம் புட்டியை ஒருமுறை சுழற்றிப் பார்த்து, ஜெர்மன் முத்திரை இல்லாமையால் வெளியே தள்ளிவிடும். ஷெங்கன் மனிதர்க்கே அன்றிப் புட்டிகளுக்கு இல்லை.

அந்தப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு சாத்தன் வால்ஸுக்குப் போவான். இருபத்தைந்து காசன்று, இருபத்தைந்து ரூபாய் என்று வீட்டுக்குப் போனில் விளக்குவான். இப்பயணம் ஓதற்பிரிவில் அடங்குமோ எனின், அடங்காது. இது பொருள்வயிற் பிரிவின்பாற் படும்.